ஜெல்மிரா வரவழைத்த மூடுபனி

ஸ்லோவாக்கியாவின் மலையடிவார ஊரொன்றில், ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் காற்றுக்குப் பொறுப்பாளி ஜெல்மிரா. காற்றின் சூட்டையும் அது சுமக்கும் ஈரத்தையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம் அவள் கைப்பையை விட்டு அகலாது. யார் வீட்டுக்குப் போனாலும், ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்தே உள்ளே கொதிப்பது முட்டைக்கோஸ் சூப்பா பீன்ஸ் சூப்பா என்று சொல்லிவிடுவாள்.

நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு இரண்டாம் கல்யாணம். மாப்பிள்ளை வெண்டெலின், அரங்கத்தில் வண்டியோட்டிப் பனித்தளத்தை வழவழப்பாக்குகிறவன். விருந்தும் அங்கேயே, பனியின் மேல் கம்பளம் விரித்து. ஜெல்மிராவுக்கு ஒரே பயம், மணப்பெண் கடத்தல். விருந்தின் நடுவே பெண்ணைத் தூக்கிப்போய் மதுக்கடையில் உட்காரவைப்பதும், மாப்பிள்ளை பிராந்தி கொடுத்து மீட்பதும் ஊர் வழக்கம். முதல் மாப்பிள்ளை அவளைக் கடை கடையாகத் தேடினான். கடைக்கு ஒரு கோப்பை. தேடிக்கொண்டே போலந்து போனவன் இன்னும் திரும்பவில்லை.

"இந்தத் தடவையும் தூக்குவோம்க்கா," என்று கண்ணடித்தான் தம்பி இம்ரிக்.

"தூக்குடா, கண்ணுக்குத் தெரிஞ்சா!"

அவள் ஏற்கெனவே வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருந்தாள். அரங்கத்தின் குளிர்காற்று ஒரு புள்ளி. வெளியே, மழைக்குப் பின் புழுங்கும் ஜூன் காற்று இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்த கோடு, காற்றால் ஈரம் தாங்க முடிகிற எல்லையைத் தாண்டிப் போனது. தனித்தனியே இரண்டும் தெளிந்த காற்றுதான். கலந்தால் தாங்காத ஈரத்தை மூடுபனியாகக் கக்கிவிடும்.

விருந்தின் நடுவே இம்ரிக் கூட்டாளிகளோடு எழுந்ததும், ஜெல்மிரா வெளிப்பக்கப் பெரிய கதவைத் திறந்துவிட்டாள்.

அடேயப்பா! பால் பானைக்குள் விழுந்த மாதிரி ஊரே தத்தளித்தது. வாத்தியக்காரர் ஒருவர் பக்கத்து ஆளின் டிரம்பெட்டை ஊதினார். வெள்ளையாய்த் தெரிந்த உருவமொன்றை அள்ளிக்கொண்டு இம்ரிக் கும்பல் ஓடியது.

மேசைக்கடியில் ஒளிந்திருந்த ஜெல்மிரா விழுந்து விழுந்து சிரித்தாள், சமையலறையிலிருந்து அலறல் வரும்வரை.

"ஐயோ, சமையல்காரரைக் காணோம்! கறி தீயுது!"

வெண்டெலினின் போன் அடித்தது. இம்ரிக்தான்.

"மாமா, உங்க பொண்டாட்டிக்கு மீசை இருக்குன்னு சொல்லவே இல்லையே! பிராந்தியோட வாங்க."

வெண்டெலின் தொப்பியை எடுத்தான். "போய்ட்டு உடனே வந்துடறேன்."

ஜெல்மிராவின் சிரிப்பு நின்றது. வழியெல்லாம் மதுக்கடை.

"தனியாவா? அந்தக் கதையே வேணாம்!"

பனித்தளம் வழவழப்பாக்கும் வண்டியிலேயே கிளம்பினார்கள், அவன் முன்னால், மணக்கோலத்தில் அவள் பின்னால்.

"இந்தக் கடையில சும்மா எட்டிப் பார்த்துட்டு..."

"ரோட்டைப் பாரு, வெண்டெலின்!"

கடத்தல்காரர்கள் உட்கார்ந்திருந்த கடையில், சமையல்காரர் வெள்ளை அங்கியோடு மேசைமேல் ஆடிக்கொண்டிருந்தார். "ரொம்ப மரியாதையா வச்சிருக்காங்க, நான் வரலை," என்றார்.

ஜெல்மிரா ஒரு கையால் அவர் காதைப் பிடித்தாள், மறுகையால் மாப்பிள்ளையின் சட்டையை. அரங்கம் வந்ததும் காதை விட்டாள். சட்டையை விடாமல் அப்படியே நடனத்துக்கு இழுத்துப்போனாள்.