பார்க்காமல் போட்ட கையெழுத்து

எய்ட்ஸ் என்றாலே எல்லோரும் நடுங்கிய தொண்ணூறுகள். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் ஊழியர்களின் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டிகள் நிரம்பிவிட்டனவா என்று வாராவாரம் வார்டு வார்டாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு வாரம் சோம்பல்பட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டே நாளில் லேப் உதவியாளர் கல்பனா விரலை அழுத்திப் பிடித்தபடி வந்தார். எய்ட்ஸ் நோயாளிகள் இருந்த வார்டில், நிரம்பி வழிந்த பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த ஊசி அவரைக் குத்தியிருந்தது.

"சாரி சார், நான்தான் ஊசியைப் பார்த்துப் போட்டிருக்கணும். உங்களுக்கு ப்ராப்ளம் ஆயிடுமா?" என்றார்.

அவருடைய கவனக்குறைவு என்றே ரிப்போர்ட் எழுதச் சொன்னார் மேலாளர். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. 'அந்தப் பெட்டியை நான் சோதிக்கவே இல்லை' என்று எழுதினேன். கல்பனாவிடமும் நேரில் சொன்னேன்.

அவர், "ஆறு மாசம் டெஸ்ட் பண்ணணுமாம். வீட்ல இன்னும் சொல்லலை. நீங்க கூட வரீங்களா சார்?" என்றார்.

ஒவ்வொரு முறையும் போனேன். கடைசி ரிசல்ட்டும் நெகட்டிவ் என்று தெரிந்ததும் இருவரும் அழுதுவிட்டோம்.

எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதில் வருத்தமில்லை. அந்த ஆறு மாதமும் கல்பனா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கும்.