யன்னலடி

அன்று காலை அனோஜினி தேநீரில் உப்பைப் போட்டுவிட்டாள்.

ஒரு வாய் குடித்த சதீசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அடுப்புக்கு முன்னால் நின்றபடி கரண்டிக் காம்பால் காற்றில் ஒரு பெரிய சதுரம் கீறிக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேரும், தேத்தண்ணிக்கை உப்பு.”

“ஓம், போட்டனான்,” என்றாள் அவள், திரும்பாமலே.

“போட்டது தெரியுது. ஏன் போட்டனீர் எண்டுதான் கேக்கிறன்.”

அப்போதுதான் அவள் திரும்பினாள். ஐயோ, அந்தக் கண்கள்! பெண் பார்க்கப் போன நாளில்கூட அவன் அந்தக் கண்களில் இப்படியொரு வெளிச்சத்தைக் கண்டதில்லை.

“சாமியே வேண்டாம் அப்பா! சிலையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். ஒரு யன்னல் காணும், அது போதும்!”

சதீசன் மிச்ச உப்புத் தேநீரையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். பத்து வருடத் தாம்பத்தியத்தில் அவன் ஒன்று படித்திருந்தான். மனைவிக்கு இப்படி ஒரு வெளிச்சம் வரும் காலையில் கேள்வி கேட்கக் கூடாது.

அனோஜினி சுருவில் கிராமத்துப் பெண். வேலணையில் ஓவசியர் மார்க்கண்டுவின் சின்னக் கந்தோரில் பதினான்கு வருடமாக வீட்டுப் படம் கீறுகிறாள். மார்க்கண்டு அரசாங்கக் கட்டட மேற்பார்வை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுசர், ஆனால் அளவுநாடாவைத் தாண்டி எதையும் நம்பாதவர். வெளிநாட்டில் இருப்பவர்கள் தொலைபேசியில் சொல்வார்கள், இவள் கணினியில் கீறுவாள். சுவாமி அறை, சமைக்கக் குசினி, முன்பக்கம் விறாந்தை என்று இருநூறு வீடுகளுக்கு மேல் கீறிவிட்டாள். எல்லாமே மற்றவர்கள் நினைத்த வீடுகள். ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் ‘வரைந்தவர்’ என்றொரு பெட்டி இருக்கும். அதில் மார்க்கண்டு ஐயா கையெழுத்து வைப்பார். அதுதான் கந்தோர் வழக்கம். அனோஜினி குறை சொன்னதில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு சின்னப் பேராசை இருந்தது. ஒரே ஒருதரம், தன் நெஞ்சுக்குள் இருப்பது ஒன்று இந்த மண்ணில் எழும்பி நிற்க வேண்டும். அது மட்டும் போதும் அவளுக்கு.

அவள் தனக்கென்று கீறிய வீடும் உண்டு. அது யன்னல் மட்டத்தோடு நின்றுபோய் ஒன்பது வருடமாகிறது. சதீசனின் காலில் சத்திரசிகிச்சை, பிறகு மகள் இந்துஜா பிறந்தாள், பிறகு எத்தனையோ. அந்த வீட்டுக்கென்று செய்வித்த பெரிய வேப்பமர யன்னல் ஒன்று மட்டும், பொருத்தச் சுவரில்லாமல், தாய்வீட்டுக் கொட்டிலில் சாய்ந்து கிடந்தது.

அந்தப் பேராசைக்கு நெருப்பு வைத்தவர் சறோஜினிதேவி. புங்குடுதீவின் இறுப்பிட்டியைச் சேர்ந்தவர். கணவர் தெற்கில் கடை வைத்திருந்தவர், பிறகு கனடா, இப்போது அவரும் இல்லை. போன வருடம் சோளகக் காற்று அடித்த நாளொன்றில், கடலுக்கு அப்பால் நயினாதீவுக் கோயிலில் இருக்கும் அம்மாளுக்கு வைத்த நேர்த்திக்கடனைத் தீர்க்கச் சறோஜினிதேவி ஓடோடி வந்தார். இறங்குதுறையில் அவர் கால் வைக்கவும் படகின் கயிறு அவிழவும் சரியாக இருந்தது. கடைசிப் படகு. அடுத்த நாள் விமானம். கையில் பூத்தட்டோடு அந்த மனுசி கரையில் நின்று அழுத அழுகையைக் கண்டவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

இந்த வருடம் அவர் மூன்று கிழமைக்கு வந்து, நேரே அம்மாளிடம் போய் நேர்த்தியைத் தீர்த்துவிட்டு, மார்க்கண்டுவின் கந்தோருக்கு ஏறினார். “இறுப்பிட்டிக் கடற்கரையிலை எனக்கு ரண்டு பரப்புக் காணி கிடக்கு. அதிலை ஒரு கோயில் கட்ட வேணும். படகைத் தவறவிட்ட ஆக்களுக்கான கோயில். எப்பிடி இருக்கும் எண்டு படமாக் கீறிக் காட்டுங்கோ. வெள்ளிக்கிழமை பாக்கிறன். பிடிச்சால் அண்டைக்கே சரி சொல்லுவன், பிடிக்காட்டில் காணியை வேலி அடைச்சுப்போட்டுப் போயிடுவன்.”

மார்க்கண்டு ஐயா உடனே ஒரு பிள்ளையார் கோயிலை நினைத்தார். அனோஜினியோ காணியைப் பார்க்கப் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீருக்கு அப்பால் நயினாதீவு, அதன் கரையில் அம்மாளின் கோபுரம். அம்மாள் கிழக்குப் பார்த்து இருக்கிறவள். அப்படியென்றால் இத்தனை காலமும் அவள் இந்தக் கரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்! படகைத் தவறவிட்டு அழுதவர்கள் ஒவ்வொருவரையும் அவள் பார்த்திருக்கிறாள்! அவளைப் பார்க்க இங்கே இன்னொரு சிலை எதற்கு?

உப்புத் தேநீரின் கதை இதுதான்.

அன்று மத்தியானமே, கொட்டிலில் கிடந்த வேப்பமர யன்னல் சதீசனின் லான்ட்மாஸ்டர் உழவுவண்டியில் ஏறியது. வேலணை தாண்டி, புங்குடுதீவுப் பாலத்தில் காற்று முகத்தில் அறைய, யன்னலைக் கட்டிப்பிடித்தபடி பெட்டியில் இருந்த அனோஜினி சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டே போனாள்.

கடற்கரையில் சதீசன் யன்னலை நிமிர்த்திப் பிடித்தான். அவள் பின்னுக்குப் போனாள், முன்னுக்கு வந்தாள், முழங்காலில் இருந்தாள், நிலத்தில் படுத்தும் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் உசத்துங்கோ!”

“உசத்தினால் நான் மற்றப் பக்கத்தாலை விழுவன் அனோ!”

“விழுந்தாலும் யன்னலை விடாதேங்கோ!”

“புருசனை விட யன்னல் பெரிசாப் போச்சு என்ன?”

அந்த நேரம் பார்த்து இறங்குதுறைக்குப் போகும் பேருந்து வந்தது. சாரதி வேகத்தைக் குறைத்தார். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடற்கரையில் தனியே ஒரு யன்னல், அதற்குள் தூரத்தில் குட்டியாக அம்மாளின் கோபுரம். பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மா, என்ன ஏதென்று கேளாமல், பேருந்துக்குள் இருந்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும்!

“இஞ்சேரும்,” என்று கத்தினான் சதீசன், “பஸ் முழுக்க என்னைக் கும்பிட்டிட்டுப் போகுது!”

அனோஜினி மணலில் இருந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. மனம் நிறைந்தால் அவளுக்கு எப்போதும் கண்தான் முதலில் வழியும். “காணும், கண்டுபிடிச்சிட்டன்,” என்றாள். “இதுதான் அளவு. இதே யன்னல்தான்.”

பிறகு நான்கு நாள் அந்த வீட்டில் ஒழுங்கான சாப்பாடு இல்லை. இந்துஜாவின் பள்ளிக்கூட வர்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு அனோஜினி கீறினாள். விடியலில் யன்னல், நீலம். உச்சி வெயிலில் யன்னல், வெள்ளை. மாரியில், படகு ஓடாத நாளில், மழைக்குள் கோபுரம் கரைந்து தெரிய நாலு பேர் குந்தியிருந்து பார்க்கும் யன்னல். கூரைக்கு ஓலை, தரைக்குக் கடல்மண். கந்தோரில் கணினிப் படத்தையும் செய்தாள். யன்னலின் அளவு மாறக்கூடாது என்பதால், தன் பழைய வீட்டுப் படத்தையே திறந்து, சுவர்களை அழித்து, அறைகளை அழித்து, அந்த யன்னலை மட்டும் விட்டு, அதைச் சுற்றிக் கோயிலைக் கீறினாள். வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் பெரிய தாளில் அச்சடித்து, சுருட்டி, நூலால் கட்டி, நூலுக்கு முத்தமும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சறோஜினிதேவியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படங்கள் விரிந்தன. முதலில் வர்ணப் படங்கள். சறோஜினிதேவி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். அனோஜினியின் நெஞ்சு அடித்த அடி மேசைக்கே கேட்டிருக்கும்.

பிறகு பெரிய தாள். மார்க்கண்டு ஐயா பெருமையோடு விரித்தார். விரித்தவரின் கை பாதியில் நின்றது. “பிள்ளை,” என்றார். “மூலஸ்தானத்துக்குள்ளை என்ன எழுதியிருக்கிறீர்?”

அனோஜினி குனிந்து பார்த்தாள்.

நட்ட நடுவில், யன்னலுக்கு நேரே, மூலஸ்தானம் இருக்க வேண்டிய இடத்தில், கொட்டை எழுத்தில்: குசினி.

பூமி பிளக்காதா என்றிருந்தது அவளுக்கு. சுவரை அழித்தவள், அறையை அழித்தவள், அந்த ஒரு சொல்லை அழிக்க மறந்துபோனாள்! பதினான்கு வருடக் கை, எத்தனை வீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கும்! கண்ணுக்குப் பழகிப்போன சொல், கண்ணில் படவே இல்லை.

“அம்மாள் இருக்கிற இடத்தைக் குசினி எண்டு...” மார்க்கண்டு ஐயா தலையில் கை வைத்தார். “ஊர் என்ன சொல்லும்? நான் பிள்ளையார் கோயிலுக்கும் ஒரு படம் கொண்டந்தனான் அக்கா, அதைப் பாப்பம்...”

“பொறுங்கோ,” என்றார் சறோஜினிதேவி. அவருடைய விரல் அந்தச் சொல்லின் மேல் இருந்தது. “இது உமக்கு ஆர் சொன்னது பிள்ளை?”

“அக்கா?”

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. படகு போனாப் பிறகு, பூத்தட்டோடை அழுது அழுது நடந்து வாறன். றோட்டுக்கரை வீடொண்டிலை, குசினி யன்னலுக்குள்ளாலை ஒரு மனுசி கூப்பிட்டவ. ‘என்னக்கா, படகு விட்டிட்டுதோ? பறவாயில்லை, அம்மாள் ஓட மாட்டா. முதல் ஒரு வாய் சாப்பிடுங்கோ.’ இரஞ்சிதம் எண்டு பேர். புட்டும் மீன்குழம்பும். நான் விரதம் எண்டனான். உடனை மீன்சட்டியை மூடிப்போட்டுச் சம்பலைத் தந்தவ. அந்தக் குசினிக்கை நிண்டு, அந்த யன்னலாலை கோபுரத்தைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டனான். எனக்கு அதுதான் பிள்ளை தரிசனம். அண்டைக்கு நான் அம்மாளைக் காணேல்லை எண்டு ஆர் சொன்னது?” சறோஜினிதேவி கண்ணைத் துடைத்தார். “அம்மாள்தான் உமக்குக் காட்டியிருக்கிறா. ஓமோ?”

மார்க்கண்டு ஐயா மேசைக்குக் கீழே அனோஜினியின் காலை மிதித்தார். ‘ஓம் எண்டு சொல்லும்’ என்று அவருடைய புருவம் கெஞ்சியது.

ஒரு சொல். ‘ஓம்’ என்றால் போதும். பதினான்கு வருட ஆசை எழும்பி நின்றுவிடும். அனோஜினி வாயைத் திறந்தாள். ஆனால் அம்மாளின் பெயரில் ஒரு பொய்யை அடுக்கி, அதற்கு மேல் சுவர் எழுப்புவதா?

“இல்லை அக்கா. அது பிழை,” என்றாள். “பழைய வீட்டுப் படத்திலை கிடந்த சொல்லு. அழிக்க மறந்திட்டன். அம்மாள் ஒண்டும் காட்டேல்லை.”

மார்க்கண்டு ஐயா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“ஆற்றை வீடு?” என்று கேட்டார் சறோஜினிதேவி.

“என்ரை வீடு அக்கா. இன்னும் கட்டி முடியேல்லை. அதுக்குக் குசினியிலைதான் பெரிய யன்னல் வைச்சுக் கீறினனான். சமைக்கேக்கை வெளியிலை பாக்க வேணும், போற வாற ஆக்களைக் கூப்பிட வேணும் எண்டு... எனக்கு விருப்பம்.”

“அந்த யன்னல் இப்ப எங்கை?”

பதில் வாசலில் இருந்து வந்தது. “லான்ட்மாஸ்டரிலை கிடக்கு அக்கா,” என்றான் சதீசன். “நாலு நாளா அதோடைதான் திரியிறன். இறக்கச் சொல்லி எனக்கு இன்னும் உத்தரவு வரேல்லை.”

முதலில் சிரித்தது சறோஜினிதேவிதான். அழுத கண்ணோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்து சிரித்தார். பிறகு அனோஜினி. பிறகு, வேறு வழியில்லாமல், மார்க்கண்டு ஐயாவும்.

“பிழையோ சரியோ, உம்மடை ஆசை எனக்குக் கிடைச்ச சாப்பாட்டோடை பொருந்துது,” என்றார் சறோஜினிதேவி. “கீறினது கீறினபடி கட்டுங்கோ. அந்தச் சொல்லையும் அழிக்க வேண்டாம். யன்னலுக்குக் கீழை அடுப்பு. படகைத் தவறவிட்ட எந்தச் சனமும் வந்து, கும்பிட்டு, சாப்பிட்டிட்டுப் போகட்டும்.”

“அதெப்பிடி அக்கா? பூசைக்கு ஐயர் வரமாட்டார்!” என்று பதறினார் மார்க்கண்டு ஐயா.

“இரஞ்சிதம் வருவா. அகப்பையோடை.”

மார்க்கண்டு ஐயா பெருமூச்சு விட்டார். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். வழக்கம்போல வலது மூலைப் பெட்டிக்குக் குனிந்தவர், ஏனோ நிமிர்ந்தார். “குசினியைக் கோயில் எண்டு நான் கையெழுத்து வைக்க ஏலாது,” என்று முறுக்கோடு சொல்லிவிட்டு, பேனாவை அனோஜினியின் பக்கம் நீட்டினார். “இந்தாரும். கீறினவ நீர்தானே.”

பெட்டிக்குள் தன் பெயரை எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. எழுத்து கோணல். பெயர் பெட்டியை மீறி வெளியே போய்விட்டது.

இப்போது இறுப்பிட்டிக் கரையில் அது நிற்கிறது. ஓலைக் கூரை, கடல்மண் தரை, மேற்குச் சுவரில் ஒரு வேப்பமர யன்னல், அதன் கீழ் அணையாத அடுப்பு. சிலை இல்லை. கும்பிட வருகிறவர்களிடம் இரஞ்சிதம் முதலில் கேட்பது, “சாப்பிட்டனீங்களோ?” கோயிலுக்குச் சறோஜினிதேவி வைத்த பெயர் நீளமானது, ஒருவருக்கும் நினைவில்லை. ஆலமரம் நின்றால் ஆலடி, புளியமரம் நின்றால் புளியடி என்று பெயர் வைத்துப் பழகிய சனம் அல்லவா! படகைப் பிடித்தவர்களும் இப்போது அங்கே இறங்கத் தொடங்கிவிட்டார்கள்.

“அப்ப எங்கடை குசினிக்கு யன்னல்?” என்று சதீசன் இன்றைக்கும் கேட்பான். “இன்னொண்டு கீறுவன்,” என்பாள் அவள். “முதல் சுவரை எழுப்புங்கோ.”

போன கிழமை, கந்தோர் முடிந்து, இரஞ்சிதத்துக்கு ஒரு கட்டுக் கீரையோடு அனோஜினி பேருந்தில் போனாள். பாலம் தாண்டி, வளைவு தாண்டி வண்டி கடற்கரைக்குத் திரும்பியதும் நடத்துனர் கதவில் தொங்கியபடி கத்தினார்:

“யன்னலடி! யன்னலடி இறங்கிறாக்கள் வாங்கோ!”

யன்னலடி! அவள் நெஞ்சுக்குள் கிடந்த யன்னல், இப்போது பேருந்து நிற்கும் ஓரிடம்! ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அனோஜினி கீரைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள்.

இறங்கத்தான் மறந்துபோனாள்.