ஆவாரை மூடிய புல்வெளி

“பழைய புல்வெளியை மீட்கிறோம், வந்து பாருங்கள்” என்று நண்பர் எழுதிய கடிதத்தின் தேதி 1974, ஐப்பசி. இப்போது மார்கழி. மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி அடையாற்றில் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறேன். புல் எங்கே? இடுப்புயர ஆவாரை மஞ்சளாகப் பூத்து எல்லாவற்றையும் மூடியிருக்கிறது. மழை ஈரத்தில் அதன் கன்றுகளை வேரோடு பிடுங்கிய கூலியாள் கன்னியம்மாளை மேஸ்திரி இன்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கேட்டால், நாட்டுச் செடியைத் தொடக்கூடாதென்று உத்தரவாம்.

“அப்ப புல்லு இன்னா சீமையிலேர்ந்தா வந்துச்சு?” என்று கத்துகிறாள் கன்னியம்மாள். “காய் முத்தி விழட்டும் சார், அடுத்த மழைக்கு இங்க ஒரு புல்லு கீதான்னு பாரு!”

வேலை தெரிந்தவளுக்குத் தண்டனை. என்ன அக்கிரமம் இது! உத்தரவைக் காட்டுங்கள் என்கிறேன். “ஆபீஸ்ல கீது” என்கிறார் மேஸ்திரி. பக்கத்து ஷெட்டிலிருக்கும் குமாஸ்தாவோ தான் அதைப் பார்த்ததேயில்லை என்கிறார். கன்னியம்மாள் சோற்றுத்தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அப்படியோர் உத்தரவு உண்டா என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.