நான் பாஸ் செய்த சாக்ஸ்

ஊசி போட்ட அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர். நர்ஸ் பெண். என் வீட்டுக்காரர். நான்.

என் இடது காலையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாராவாரம் நான் எழுதுவதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்கு நீட்டி முழக்க வராது. எட்டாவதோடு நின்றவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பாஸ். இல்லையென்றால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாம் நின்றபடிதான். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரமும்.

நின்று நின்று கெண்டைக்கால் முழுக்க நரம்பு. சிவப்பும் நீலமுமாக, சிக்கு விழுந்த நூல் மாதிரி. சிலந்தி நரம்பு என்கிறார்கள். இரண்டு இடத்தில் புழுவாகப் புடைத்தும் இருந்தது. சாயங்காலமானால் கால் கல்லாகக் கனக்கும்.

சூப்பர்வைசர் ஒரு நாள் சொன்னான். "நிக்க முடியலீன்னா சொல்லுங்கக்கா. பிசிறு வெட்டற எடத்துல உக்காந்துக்குங்க."

நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் பிசிறு வெட்டப் போனவர்கள் யாரும் திரும்ப செக்கிங் டேபிளுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே இருக்கிற பெரிய நரம்பு நன்றாக இருக்கிறதாம். மேலே தெரிவதற்கு ஊசி போதும் என்றார் டாக்டர். மருந்து போனதும் அந்த நரம்பு ஒட்டி மூடிக்கொள்ளும். ரத்தம் வேறு வழியில் போய்க்கொள்ளும். மெல்லிய ஊசிதான். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. கொஞ்சம் எரிந்தது. முடிந்தது.

அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம்...

நர்ஸ் காலுக்குக் கட்டுப் போட்டாள். முட்டி வரை வரும் ஒரு சாக்ஸை எடுத்துக் காட்டினாள். "நாளன்னைக்குக் கட்டைப் பிரிச்சுட்டு இதப் போடுங்க. தினமும் நடங்க. ஒரே எடத்துல நிக்காதீங்க" என்றாள். விலையும் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷின் டெய்லர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மிஷினில் உட்கார்ந்தவர். சாக்ஸை வாங்கி உள்புறம் திருப்பினார். இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரிப் துணி. லைக்ரா கொஞ்சம் சாஸ்தி. இதுக்கா இத்தன வெல?"

"ஏனுங்க, ஆஸ்பத்திரிச் சாமானுங்க" என்றேன்.

"அம்மிணி, அமெரிக்காக்காரன் போடறதையே தெச்சு அனுப்பறேன். உங்காலுக்குத் தெக்க மாட்டனா?"

நர்ஸ் சொன்னாள். "அண்ணா, அது அளவு வெச்சுச் செய்யறதுங்க."

"நானும் அளவெடுத்துத்தான் தெப்பேன், கண்ணு."

அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

கட் பீஸ் கடையில் துணி வாங்கி வந்தார். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, கீழே உட்கார்ந்து, டேப் வைத்து அளந்தார். கணுக்கால். கெண்டைக்கால். முட்டிக்குக் கீழே. ஊருக்கெல்லாம் தைக்கிற கை. எனக்கென்று அது வரைக்கும் ஒரு தையல் போட்டதில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

தைத்ததைப் போட்டு நடந்தபோது வழுக்கி இறங்கியது. "இரு" என்று மேல் விளிம்பில் எலாஸ்டிக் வைத்து, இரட்டையாக மடித்து அடித்தார். அப்புறம் இறங்கவே இல்லை.

வாங்கிப் பார்த்தேன். ஓட்டை இல்லை. தையல் விடவில்லை. ஒரு பிசிறு இல்லை.

"பாஸ்" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பார்த்தார்கள். ஆளாளுக்குச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்கள். எல்லாக் காலிலும் ஒரே கதைதான். இத்தனை நாள் பக்கத்தில் நின்றும் யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏனக்கா, அண்ணனுக்கு உங்காலு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள் வெள்ளகோவில்காரி ஒருத்தி. ஒரே சிரிப்பு.

பேக்கிங்கில் பிங்கி என்று ஒரு பெண். ஒடிசாக்காரி. மாசமாக இருந்தாள். "அக்கா, எனக்கும் குடு. கால் வீங்குது" என்றாள்.

எல்லோருக்கும் தைத்தார். காசு வாங்கவில்லை. என்னுடையதை விட்டு ஏழு ஜோடி. ஏழையும் நான்தான் பார்த்தேன். ஏழும் பாஸ்.

கொஞ்ச நாளில் என் கால் வீங்கியது. முட்டிக்குக் கீழே எலாஸ்டிக் பதிந்த தடம் காலையில்கூட மறையவில்லை. ஊசி போட்ட நரம்பு கயிறு மாதிரி விறைத்துச் சிவந்தது. தொட்டால் உயிர் போனது.

மறுபடியும் அதே அறை.

டாக்டர் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தார். "இது எந்தக் கம்பெனி?"

"நான் தெச்சதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். அப்போதும் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அளவுன்னா காலோட அளவு இல்லீங்க. அழுத்தத்தோட அளவு. கணுக்கால்ல நல்லா அழுத்தணும். மேல போகப் போகக் கொறையணும். அப்பத்தான் ரத்தம் மேல ஏறும். நீங்க மேல இறுக்கிட்டீங்க. கீழ இருக்கற ரத்தம் எப்படிப் போகும்?"

என் வீட்டுக்காரர் சாக்ஸின் மேல் விளிம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குது. நல்லவேளை, மேல் நரம்போட நின்னுருச்சு. உள்ள போயிருந்தா நெஞ்சு வரைக்கும் போயி உசுருக்கே ஆபத்தாயிருக்கலாம்."

உறைந்த ரத்தத்தை ஊசி வைத்து எடுத்தார். பழுப்புத் தழும்பு கொஞ்ச காலம் இருக்கும் என்றார். மிச்சம் இருக்கிற நரம்புக்கு இப்போது ஊசி இல்லை. அதிக நேரம் நிற்கவும் கூடாது.

பிறகு கேட்டார். "இது மாதிரி வேற யாருக்காவது தெச்சுக் குடுத்தீங்களா? முக்கியமா மாசமா இருக்கறவங்க, ரொம்ப நேரம் உக்காந்து பிரயாணம் போறவங்க... போடவே கூடாது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஊசி மேல் தப்பில்லை. அது அதன் வேலையைச் செய்தது. நமக்குத் தெரிந்த தொழில் மாதிரியே ஒன்று கண்ணில் பட்டால், அதுவும் நமக்குத் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். இறுக்கிப் பிடித்தால் சாக்ஸ், அவ்வளவுதானே என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தால் அந்த நர்ஸ் பெண்ணே விளக்கிச் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. சிரித்தோம்.

மறுநாள் ஒவ்வொருத்தியாகப் பிடித்துத் திருப்பி வாங்கினேன்.

"என்னக்கா, குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்க? அண்ணன் வேற ஆளுக்குத் தரப் போறாரா?" என்றாள் வெள்ளகோவில்காரி. காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அங்கேயே கழற்றிக் கொடுத்தாள்.

பிங்கியின் இடம் காலியாக இருந்தது. அவளோடு ரூமில் இருக்கும் பெண்ணைக் கேட்டேன்.

"ஊருக்குப் போச்சு அக்கா. பாப்பா பொறக்கப் போகுதில்ல? ரயில்ல ரெண்டு நாளு உக்காரணும், கால் வீங்கும்னு அந்த சாக்ஸ் போட்டுத்தான் போச்சு."

நம்பர் வாங்கிப் போன் செய்தேன். ஒரு பதிவுக் குரல் இந்தியில் ஏதோ சொல்லிக் கட் ஆனது. அன்றைக்கும் செய்தேன். இன்றைக்கும் செய்தேன். அதே குரல்தான்.

வாங்கி வந்ததையெல்லாம் அவர் கத்திரியால் வெட்டினார். மேல் எலாஸ்டிக்கை மட்டும் தனியாகக் கிழித்துப் போட்டார். வெட்டி முடித்து, "இன்னொன்னு எங்கே, அம்மிணி?" என்றார்.

நான் இப்போது பிசிறு வெட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது பரவாயில்லை.

கொடுத்தது ஏழு. வந்தது ஆறு.