தலை கிள்ளிய காகிதம்

எவர்சில்வர் அடிக்கோலைத் தாளின் மேல் விளிம்பிலிருந்து நான்கு விரல் இறக்கி வைத்து, இடது உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் ஒரே இழுப்பு. பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் ஒரு நாடாவாகக் கையோடு வந்துவிடும். நாடா வாளித் தண்ணீருக்குள் போகும். மிச்சம் அடுக்கில் சேரும். அஞ்சலாட்சி அடுத்த தாளை எடுப்பார்.

கருவடிக்குப்பம் மெயின் ரோட்டை ஒட்டி அவருடைய பழைய பேப்பர் கடை. அட்டைப்பெட்டியும் பால் கவரும் வந்து குவிந்தாலும், அங்கே மதிப்பு ஒருபக்கம் அச்சான வெள்ளைத் தாளுக்குத்தான். ரத்தப் பரிசோதனை நிலையங்களும் வக்கீல் ஆபீஸ்களும் மூட்டை மூட்டையாகப் போடுகின்றன. பொட்டலம் கட்ட அதைவிடத் தோதான காகிதம் இல்லை. கிழித்தால் எடை குறைகிறது, வேலை கூடுகிறது. அவர் குறைபட்டுக்கொள்வதில்லை. நாலாவதோடு படிப்பை விட்டவர். எதையும் எழுத்துக் கூட்டிப் பார்ப்பதுமில்லை. "படிச்சா தெரிஞ்சிடும். தெரிஞ்சா வாய் சும்மா இருக்குமா?" என்பார்.

பிரெஞ்சு சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் வீட்டுத் தாள்களுக்கு மட்டும் அளவு வேறு. அந்த நாட்டுக் கடிதத்தில் பெயர் உச்சியில் இருக்காது, வலப்பக்கம் கொஞ்சம் இறங்கி இருக்கும் என்று அப்படிப் பென்ஷன் வாங்கும் மரி-க்ளேர் அம்மா ஒருமுறை விரல் வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து பிரெஞ்சுக் காகிதத்துக்கு எட்டு விரல். "அவுங்க பேரு கொஞ்சம் நிதானமாத்தான் எறங்கி வருது" என்று சொல்லி அஞ்சலாட்சி சிரிப்பார்.

கடை வாசலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் போண்டாக்காரர் இராமதாஸுக்கு இது தினப்படி கேலி. "எறாவுக்குத் தலையக் கிள்ற மாதிரி கிள்ளிடுறக்கா. இதுல நாலு போண்டாவ வச்சுக் கட்டுனா ஒண்ணு எட்டிப் பாக்குது."

"பாக்கட்டும். அது யாருகிட்ட போயி சொல்லப் போவுது?"

இராமதாஸ் அதோடு நிறுத்திக்கொள்வார். காரணம் அறிந்த ஒரே ஆள் அவர்தான்.

நான்கு வருடம் முன்பு பின் தெருப் பூர்ணிமாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அத்தை இராமதாஸிடம் போண்டா வாங்கிப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். எண்ணெய் ஊறிய தாளில் பூர்ணிமாவின் பெயர், தெரு, வலிப்புக்கு அவள் சாப்பிடும் மாத்திரை. அத்தை அந்தத் தாளோடு நேரே வந்து, பெண் வீட்டுக் கூடத்தின் நடுவில் அதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். கல்யாணப் பேச்சு அங்கேயே முடிந்தது. உதவிக்குப் பூக் கட்டிக்கொண்டு அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தார் அஞ்சலாட்சி. பச்சைக் கோடு போட்ட அந்தத் தாள், காலையில் தன் கையால் இராமதாஸுக்கு எடை போட்ட கட்டிலிருந்து வந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. பூர்ணிமாவின் அம்மா ஆஸ்பத்திரிக்காரர்களைச் சபித்தார். அஞ்சலாட்சி குனிந்த தலை நிமிராமல் பூக் கட்டி முடித்தார். மறுநாள் கடைக்கு அடிக்கோல் வந்தது.

போன வாரம் இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் வந்தார். பரிசோதனை நிலையத்துத் தாள்களைக் கிழிக்காமல் கொடுத்தால் மூன்று மடங்கு விலை தருவதாகச் சொன்னார். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இருதயம் என்று நம்பரோடு தெரிந்தால் மருந்து விற்கிறவர்களுக்கு வசதியாம். அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே கூரைத் தகரம் ஓட்டை. மழை வந்தால் பாதிச் சரக்கு நனைந்து வீணாகிறது. அஞ்சலாட்சி அந்த ஓட்டையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

குப்பையில் போட்டது யாருக்கும் சொந்தமில்லை என்றார் வந்தவர். அடுத்தவர் விவரத்தை விற்கக் கூடாதென்று புதுச் சட்டம் வந்திருக்கிறதே என்று தள்ளுவண்டியிலிருந்து இராமதாஸ் கேட்டார். அது கம்ப்யூட்டரில் இருப்பதற்குத்தான், காகிதத்துக்கு இல்லை என்று பதில் வந்தது.

"நீ எடுத்துட்டுப் போயி அதுலதானே ஏத்துவ?" என்றார் இராமதாஸ்.

வந்தவர் அதைக் காதில் வாங்காமல் அஞ்சலாட்சியைப் பார்த்தார்.

"சட்டம் எப்படியோ இருக்கட்டும் சார். எங்கிட்ட தலையோட பேப்பரு கெடையாது."

ரெட்டியார்பாளையத்துப் பேப்பர் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள் என்றார் அவர். கொடுப்பார்கள்தான் என்று அஞ்சலாட்சியும் ஒப்புக்கொண்டார். வந்தவரின் வண்டி கிளம்பிப் போயிற்று.

அது போன புழுதி அடங்குவதற்குள் பூர்ணிமா ஒரு துணிப்பையோடு வந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். வலிப்பைப் பற்றி மாப்பிள்ளையிடம் இந்த முறை அவளே சொல்லிவிட்டாள். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். பையிலிருந்து பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து எடைத்தட்டில் வைத்தாள். பச்சைக் கோடு போட்ட தாள்கள்.

"ஒங்க கடையில தலையக் கிள்ளிட்டுத்தான் விப்பீங்களாமே அக்கா. அந்த நம்பிக்கையிலதான் கொண்டாந்தேன்."

இராமதாஸ் எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அஞ்சலாட்சி எடை போடவில்லை. தாள்களைத் தொடவுமில்லை. அடிக்கோலைப் புடவைத் தலைப்பில் இரண்டு பக்கமும் துடைத்து, பூர்ணிமாவிடம் நீட்டினார்.

"நாலு விரலு. நீயே கிள்ளும்மா."

வாளியை அவள் காலடிக்கு நகர்த்தி வைத்துவிட்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசித் தாள் கிழிபடும் சத்தம் ஓயும்வரை திரும்பவே இல்லை.