தொட்டிக்குப் போகும் தடத்தில் அடித்த ஹாரன்

அந்த ஹாரனை பாலக்கோட்டில் ஒரு உதிரிபாகக் கடையில் நானேதான் பார்த்து வாங்கினேன். லாரிக்கு மாட்டுகிற ஹாரன். டிராக்டருக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று கடைக்காரர் கேட்டார். பயம் என்று எப்படிச் சொல்வது? கோடைக் காலத்தில் வனத்துறைக்காக என் டிராக்டரில் தண்ணீர் டேங்கரைக் கட்டி இழுத்துப் போய், ஊரை ஒட்டிய காப்புக்காட்டுக்குள் விலங்குகள் குடிக்கக் கட்டியிருக்கும் சிமெண்ட் தொட்டியை நிரப்புவது என் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு நடை. முதல் வாரத்திலேயே ஒரு திருப்பத்தைக் கடந்தபோது, தொட்டியைச் சுற்றி ஆறேழு யானைகள் நின்றன. பின்னால் டேங்கர் இருக்கும்போது அந்தக் குறுகலான தடத்தில் ரிவர்ஸ் எடுக்க முடியாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, அவை குடித்துப் போகும்வரை ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக் கவிழ்ந்து கிடந்தேன். மறுநாள் ஹாரன் வாங்கினேன். அதிலிருந்து, திருப்பத்துக்கு முன்னாலேயே நின்று மூன்று முறை நீளமாக அடிப்பேன். தொட்டியில் நிற்பவை விலகிப் போக நேரம் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவேன்.

என்னோடு காட்டுக்குள் வருகிறவரை ஊரில் எல்லோரும் வாட்சரண்ணன் என்றுதான் சொல்வோம். வனத்துறையில் தற்காலிகக் காவலர். அவர் சிறுவனாக இருந்தபோது அவர்கள் வீட்டு ஆடுகள் அதே காட்டில்தான் மேய்ந்தன. காட்டுக்குள் மேய்ச்சல் கூடாது என்று கெடுபிடி வந்ததும் ஆடுகளை விற்றுவிட்டார்கள். ஆடு ஓட்டிப் பழகிய கால்களுக்கு எல்லாத் தடமும் தெரியும் என்பதால், ஆடுகளை வெளியேற்றிய துறையே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. "ஆட்ட வித்துட்டு ஆனைய மேய்க்கறேன், அவ்ளோதான்" என்பார். வேலையை நிரந்தரமாக்கப் போகும் பட்டியலில் தன் பெயரும் இருப்பதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் சிரிக்காமல் சொல்வார். மகளை நர்சிங் படிக்க வைக்கும் எண்ணம் அந்தப் பட்டியலை நம்பித்தான் இருந்தது.

காட்டால் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. எனக்கு அது டீசலும் கூலியும் தந்தது. மழைக்குப் பிறகு புளியும் சீமாறுப் புல்லும் எடுக்கிறவர்களுக்கு அது சில மாதச் சோறு. காட்டோரம் தக்காளி போட்டிருந்த அக்காவுக்கோ அது தூக்கமில்லாத வாழ்க்கை. என் டேங்கர் அவர் தோட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லாமல் விடமாட்டார். "காடு கவருமெண்டுது, ஆனை கவருமெண்டுது. தக்காளி மட்டும் எங்களுதாம்" என்பார். இன்னொரு நாள், "அங்க ஊத்தற தண்ணியில எங்க தோட்டத்துக்கும் ஒரு டேங்கர் ஊத்திட்டுப் போப்பா. வர்ற ஆனை கால் கழுவிட்டு வரட்டும்" என்றார். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு கியரை மாற்றினேன். யார் எதைச் சொன்னாலும் அப்படித்தான் செய்வேன்.

இரண்டாவது கோடையில் ஒரு நாள் வழக்கம்போல மூன்று முறை அடித்தேன். தொட்டிப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. ஆனால் இடது பக்கப் புதரை விலக்கிக்கொண்டு ஒற்றை ஆண் யானை ஒன்று வெளியே வந்தது. ஹாரன் கேட்டு விலகிப் போகவில்லை, ஹாரன் கேட்டுத்தான் வந்தது. மர இடைவெளியில் தெரிந்த தொட்டியருகே போய், நாங்கள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வாட்சரண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பி, பள்ளிக்கூடத்துல சோத்துக்கு மணி அடிக்கறாப்பல ஆயிருச்சு அதுக்கு. இனிமேட்டு அதுல கைய வெக்காத. நாளைக்கு ரோட்டுல எவன் அடிச்சாலும் தண்ணின்னு நெனச்சு வந்து நிக்கும்" என்றார். சரிங்கண்ணா என்றேன்.

முதல் நடையில் அவர் என்னோடு இருப்பார். அப்போது நான் ஹாரனைத் தொடவில்லை. அவர் முன்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவார். இரண்டாவது நடையின்போது அவர் தீ எங்காவது தெரிகிறதா என்று பார்க்கக் பக்கத்துப் பாறைக் கரட்டின் மேல் ஏறிவிடுவார். நான் தனியாகப் போவேன். திருப்பம் வரும்போது கை தானாக ஹாரனுக்குப் போகும். ஒரே ஒரு முறை, சின்னதாக, என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அடிப்பேன். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான் போனது.

கோடை முடியும் சமயத்தில் ஒரு காலை, வெளிச்சம் வந்த சற்று நேரத்தில் வாட்சரண்ணன் போன் செய்தார். "டேங்கர்ல தண்ணி இருக்குதா? அப்படியே எடுத்துட்டு வா. தக்காளித் தோட்டத்துக்கு." வேறெதுவும் சொல்லவில்லை. தோட்டத்துக்குப் போனதும் நடந்ததைச் சொன்னார்கள். தக்காளி ஏற்ற வந்த மினி லாரிக்காரன், பறிக்கிற பெண்களைக் கூப்பிடுவதற்காக ஹாரன் அடித்திருக்கிறான். காட்டிலிருந்து ஒற்றை யானை நேராக வந்துவிட்டது. அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் மோட்டார் கொட்டாய்க்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுவரும் கதவும் கூரையும் தகரம்தான். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் தண்ணீர் குழாயில் விழும் சத்தம் அதற்கும் கேட்டிருக்க வேண்டும். கதவுக்கு முன்னால் நின்று தும்பிக்கையால் தகரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. வரப்பில் ஊரே நின்றது. பட்டாசுக் கட்டைப் பிரித்த ஒருவரின் கையை வாட்சரண்ணன் பிடித்துக்கொண்டார். "வெடிச்சா அது முன்னாடிதான் ஓடும். முன்னாடி என்னா இருக்குதுன்னு பாரு."

பிறகு என் டேங்கரின் மேல் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். "காட்டுத் தடத்து வாய்க்குப் போய் நின்னு அடி. மூணு தடவ. நீ அடிக்கறாப்பலயே அடி."

அடித்தேன். தகரத்தைத் தடவிய தும்பிக்கை நின்றது. இரண்டாவது முறை அடித்தபோது காதுகள் விரிந்தன. மூன்றாவது முறைக்கு அது திரும்பியது. தக்காளிச் செடிகளின் நடுவே, எந்த அவசரமும் இல்லாமல் எங்களை நோக்கி வந்தது. "மெதுவாப் போ. நிறுத்தாத" என்றார் அண்ணன். ஒன்றரை கிலோமீட்டர் தடம். நான் ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் குரல் மட்டும்தான் எனக்குக் கண். "அம்பது அடி… வருது… முப்பது… கொஞ்சம் விடு… நின்னுருச்சு, ஒண்ணு அடி." கல் மேட்டில் பின் சக்கரம் வழுக்கிச் சுழன்றபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தச் சில நொடிகளில் டேங்கர் வால்விலிருந்து சொட்டும் தண்ணீரை அது தடவித் தேடும் சத்தம் எனக்குக் கேட்டது. சக்கரம் பிடித்து ஏறியது. தொட்டியை அடைந்ததும், அது நெருங்குவதற்குள் அவர் குதித்து வால்வைத் திறந்துவிட்டு, டேங்கரை டிராக்டரோடு இணைக்கும் பின்னைப் பிடுங்கினார். டேங்கரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் வெறும் டிராக்டரில் சுற்றுத் தடம் வழியாக வெளியே வந்தோம். கொட்டாய்க்குள் இருந்த மூவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மதியம் வனத்துறை ரேஞ்சர் வந்தார். யானை ஒரு டிராக்டர் ஹாரனுக்குப் பின்னால் போனதை ஊரே பார்த்திருந்தது. "இதை யாருய்யா பழக்கினது?" என்று கேட்டார். நான்தான் என்று சொன்னால் தண்ணீர் ஓட்டும் வேலை போகும், ஊர் என்னைச் சும்மா விடாது. சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வாட்சரண்ணன், "நாந்தானுங்க அடிக்கச் சொன்னேன், பாதுகாப்புக்கு" என்றார். பிறகு என் பக்கம் வந்து, "ரெண்டு நாள் திட்டுவாரு, விட்டுருவாரு. எனக்கு இதெல்லாம் பழக்கம்" என்றார். அவர் போட்ட கணக்கு தப்பிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். மகள் நர்சிங் சேரவில்லை. நான் அதற்குப் பிறகும் மூன்று கோடை தண்ணீர் ஓட்டினேன்.

இப்போது தொட்டி ஓரத்திலேயே போர்வெல் போட்டு சோலார் மோட்டார் வைத்துவிட்டார்கள். என் டேங்கர் தேவையில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாமல் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு முழுத்தாளில் மனு எழுதினேன். ஹாரனை வாங்கியதும் நான், அடித்ததும் நான், வாட்சர் சொல்லி அடிக்கவில்லை என்று. இப்போது இருக்கும் ரேஞ்சரிடம் கொடுப்பதற்கு முன் அண்ணனிடம் காட்ட நினைத்தேன். போன மாதம் அவர் ஊருக்கு வந்திருந்தபோது, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் தாளை நீட்டினேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

இரண்டு முறை படித்தார். "நான் வேணாம்னு சொன்னத எங்க காணம்?" என்றார்.

நான் குனிந்து தாளைத் திரும்பப் பார்த்தேன்.

"இத மட்டும் படிச்சா, வாட்சர் கூடவே இருந்து பாத்துட்டு சும்மா இருந்தான்னுதான் வரும். நான் சொன்னதுக்கப்புறமும் ரெண்டாவது நடையில நீ அடிச்ச பாரு, அத எழுது."

அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்து, "கரட்டு மேல உக்காந்திருக்கறவனுக்குக் காது கேக்காதா? பயந்த ஆளு, போகட்டும்னு விட்டேன். அது என் தப்பு. அதுக்கு நான் அனுபவிச்சுட்டேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

டீக்கடைக்காரரிடம் தாள் வாங்கி அங்கேயே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினேன். அவர் வேண்டாம் என்று சொன்ன நாளையும், அதற்குப் பிறகு நான் தனியாக அடித்ததையும், ரேஞ்சர் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றதையும் எழுதினேன். முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். கையெழுத்துப் போட்டதும், ஆபீசில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கும் சரிங்கண்ணான்னுதான் சொன்ன. நானே குடுத்துக்கறேன்" என்றார்.