மஞ்சள் ஒளியை மறைத்தபோது

ராயபுரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் லேசரைக் காலையில் மட்டுமே இயக்க முடியும். கடல்காற்று ஏறிவிட்டால் ஈரத்தில் மின்சாரம் கசிந்து சீறும். அதனால் எழுபதுகளின் கோடைகளில் நானும் என் கூட்டாளியும் மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று வீசும் வேளைக்காகவே காத்திருந்தோம். அவன் வியாசர்பாடிக்காரன், என்னைப் போலவே இயற்பியல் விரிவுரையாளன்.

நாங்கள் பார்க்க விரும்பியது ஒன்றுதான். வெற்றிடக் குழாயில் சோடியத்தைச் சூடாக்கி ஆவியாக்குவோம். ஒரு லேசரின் மஞ்சள் ஒளி அணுவைக் கிளர்த்தும். உடனே இன்னொன்றின் புற ஊதா ஒளி அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும். அணு அயனியாகிவிடும். உள்ளேயிருக்கும் கம்பியில் அயனிகள் சேர்ந்தால், மின்துடிப்பை வரைந்து காட்டும் கருவியின் திரையில் கோடு எழும்பும். மஞ்சள் ஒளி இல்லாமல் இது நடக்காது.

முதல் நாளே கோடு எழும்பியது. அவன் என்னைக் கட்டிக்கொண்டான். நான் ஒரு போஸ்ட் கார்டால் மஞ்சள் ஒளியை மட்டும் மறைத்துப் பார்த்தேன். கோடு அசையவில்லை.

“டுபாக்கூர், மாமு,” என்றான்.

லேசரின் மின்பொறி கிளப்பிய, ரேடியோ கரகரப்பு போன்ற மின் இரைச்சலைத்தான் கருவி வாங்கிக் காட்டியிருந்தது. அவனுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சி வாய்ப்பு வந்திருந்தது. போவதற்குள் மெய்யான கோட்டை இருவரும் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று துடித்தோம். கருவியைச் சுற்றித் தகரம் அடித்தோம். இரைச்சல் இடுக்கு வழியாகப் புகுந்தது. கடைசிக் காலையில் கடல்காற்று முன்னதாகவே வந்துவிட்டது.

கிளம்பும்போது, “கோழிக்கூண்டு கணக்கா முழுசா வலை அடிச்சிடு, மாமு. ஒரு சந்தும் வுடாத,” என்றான்.

அவன் போன பிறகு வண்ணாரப்பேட்டையில் கம்பிவலை வாங்கி, கருவியை மேலும் கீழும் மூடி அடித்தேன். ஒரு நாள் காலையில் கோடு எழுந்தது. கார்டை வைத்தேன், விழுந்தது. எடுத்தேன், எழுந்தது. திரும்பி அவனைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். குழாயில் சோடியம் தீரும்வரை கார்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி குழாயடியிலிருந்து குடத்துடன் வந்துகொண்டிருந்தாள். சோதனை பலித்துவிட்டது என்றேன்.

“நல்ல சேதியாண்ணே, கெட்ட சேதியா?”

நல்லது என்றேன்.

“அப்ப மூஞ்சி ஏன் இப்டி கீது?”

அவன் வரட்டும், மறுபடி போட்டுக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.